வாய் ஊற வைத்தவர்

“எச்சிலப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? நம்ம வூட்டு மாடு அத தெனமும் சும்மாவே ஊத்திக்கினு நிக்குது. அதுகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருக்குமே!”

சொன்னவர் என் சித்தப்பா. பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், பொங்கல் விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து புளியம்பழத்தை ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று சித்தப்பாதான் கேட்டார். உமிழ்நீர்ச் சுரப்பிகள் என்றேன். தமிழில் சொல்லச் சொன்னார். எச்சில் ஊறுகிற இடம் என்றேன். அவ்வளவுதான். அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அடுத்தவர் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். காதுக்கு முன்னால் கன்னத்துக்குள் ஒரு ஜோடி, கீழ்த்தாடையின் உள்பக்கம் ஒரு ஜோடி, நாக்கின் அடியில் ஒரு ஜோடி. இவை போதாதென்று உதட்டிலும் அண்ணத்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில். எச்சில் இல்லாவிட்டால் சோறு இறங்காது, ருசி தெரியாது, பல் நிற்காது.

“பல்லு நிக்காதா?” என்று சித்தப்பா தன் முன்பல்லை ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் சிரிப்பு.

சிரிக்காதவர் ஒருவர்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அத்தை. ரத்த உறவு யாருக்கும் இல்லை. முந்தானையைத் தலையோடு சேர்த்துக் கன்னத்தை மூடி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிருக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

“மொதல்ல சொன்னியே, அது எங்க இருக்குதுன்ன?”

“காதுக்கு முன்னால, அத்த. கன்னத்துக்குள்ள.”

அவர் முந்தானையை விலக்கினார். “இங்கயா?”

இடது காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் இருந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி. தாலிக் கயிற்றோடு அதையும் போட்டிருந்தார். விசேஷம் ஒன்றும் இல்லாத நாளில் அந்தச் சங்கிலியை அவர் கழுத்தில் நான் பார்த்ததே இல்லை. அது பெரும்பாலும் வேறு யாராவது ஒரு பிள்ளையின் கழுத்தில்தான் கிடக்கும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கடைசிக் காலத்தில் ஊரில் அந்தப் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்பது என் காதில் இன்னும் இருக்கிறது. அத்தை என்றே இருக்கட்டும்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு முகம். அவருடைய முகம் என்று சொல்வதைவிட, அவர் செய்கிற முகம் என்று சொல்ல வேண்டும். மதியம் மணி அடித்ததும் நாங்கள் தட்டோடு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். சோறும் சாம்பாரும் வந்து நடுவில் இறங்கிவிடும். ஆனால் அத்தை உடனே போடமாட்டார். வரிசைக்கு எதிரில் வந்து நின்று, இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் புளியை எடுப்பார். காய்ப்புக் காலம் என்றால் பச்சைக் காய், மற்ற நாளில் பழம். அதில் ஒரு கல் உப்பை அழுத்தி, எல்லாரும் பார்க்கிற மாதிரி உயர்த்திக் காட்டி, பல்லால் ஒரு கடி.

உடனே அந்த முகம் வரும். ஒரு கண் இறுக மூடிக்கொள்ளும். மற்றது பாதி மூடும். மூக்கு சுருங்கும், உதடு ஒரு பக்கம் ஓடும், கன்னத்தில் ஒரு குழி விழும், தோள் ஒருமுறை உதறும். “ஸ்ஸ்ஸ்... ஆ!” என்று நாக்கைத் தட்டுவார். வரிசை முழுக்க எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும். என் வாயில் பக்கவாட்டிலிருந்து வெந்நீர் மாதிரி ஊறி வந்து நாக்கின் கீழே நிற்கும்.

“ஊறுச்சா? எங்க, நாக்கத் தூக்கிக் காட்டு.”

வரிசையில் ஒவ்வொருவராகக் காட்ட வேண்டும். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பெண் நாக்கைத் தூக்கிய வேகத்தில் அதன் அடியிலிருந்து எச்சில் நூல் மாதிரி பீய்ச்சி அத்தையின் புடவையில் விழுந்தது. அவள் அழப் போனாள். “அடி ராசாத்தி, ஒனக்கு மோட்டார் போட்டு வுட்டிருக்குதுடி!” என்று அத்தை சிரித்து, அவளுக்குத்தான் முதல் கரண்டி போட்டார்.

“வாய் ஊறாம தின்னா அது சோறு இல்ல, மண்ணு” என்பார். எங்களில் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். வயிறு ரொம்ப நேரம் காய்ந்துபோனால் பசியே செத்துப்போகும். தட்டில் சோறு விழுந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அத்தைக்கு அது தெரிந்திருந்தது. மிச்சம் வைக்கிற பிள்ளையைத் திட்டியதில்லை. “இன்னிக்கி எம் மூஞ்சி சரியா அமையல” என்று தன்னைத்தான் நொந்துகொள்வார்.

மூன்றாம் வகுப்பில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் காதோடு சேர்ந்து உப்பி, வாயைத் திறந்தால் வலித்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து ஒன்றுதான். கழுத்தில் தங்கம் போட வேண்டும். பொன்னுக்கு ஏங்கித்தான் கன்னம் வீங்குகிறது, பொன் தொட்டால் இறங்கிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் குந்துமணித் தங்கம்கூட இல்லை. சுற்றியுள்ள வீடுகளிலும் இல்லை. அத்தையிடம் மட்டும் பிறந்த வீட்டில் போட்ட ஒரு மெல்லிய சங்கிலி இருந்தது. எந்தப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் அந்தச் சங்கிலி அந்த வீட்டுக்குப் போகும். கேட்கக்கூட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் முகத்தைப் பார்த்தாலே கழற்றிப் போட்டுவிடுவார்.

எனக்கும் அப்படித்தான் போட்டார். பிறகு என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். “நீ இன்னிக்கி அந்தாண்ட பாத்துக்கினு குந்து. நான் புளி கடிக்கிறதப் பாக்காத. பாத்தா வலிக்கும்.”

திரும்பாமல் இருக்க முடியுமா? பார்த்தேன். வாய் ஊறிய அந்தக் கணத்தில் இரண்டு கன்னத்துக்குள்ளும் ஊசி இறங்கியதுபோல வலித்தது. வீங்கிய சுரப்பி எச்சிலை வெளியே தள்ள முடியாமல் முட்டுகிற வலி அது. இதை விளக்கும் பக்கத்தைக் கல்லூரிப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்த வராந்தாச் சுவர்தான் கண்ணில் தெரிந்தது.

சில நாட்களில் வீக்கம் வடிந்தது. “பொன்னு எறக்கிடுச்சு” என்றார் அம்மா. சங்கிலி அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கும் இறக்கியது. அது இறக்காத கன்னமே எங்கள் ஊரில் இல்லை. ஏனென்றால் அந்த வீக்கம் பொன் போட்டாலும் போடாவிட்டாலும் தானாக வடிந்துவிடும். ஒருமுறைகூடத் தோற்காத மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அத்தையும் சந்தேகப்படவில்லை. அந்தப் பொங்கல் விடுமுறையில் என் விரலால் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. தோலுக்கு அடியில் நகரவில்லை.

“வலிக்குதா அத்த?”

“வலியெல்லாம் இல்ல. ஆடிப் பதினெட்டுக்கு அப்பறம்தான் தெரிஞ்சிது. பொன்னு போட்டிருக்கிறேன்.”

“ஆடியிலேர்ந்தா? பொன்னுக்கு வீங்கி இவ்ளோ நாள் இருக்காது. ரெண்டு பக்கமும் வரும், காய்ச்சல் வரும். இது அது இல்ல. என்கூட கீழ வாங்க, பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம்.”

பக்கத்தில் இருந்த ஒரு பெண் முறத்தைத் தட்டினார். “ஒரு வருசம்கூட முழுசா படிக்கல, அதுக்குள்ள வைத்தியம் சொல்றா பாரு. நம்ம ஊர்ல பொன்னுக்கு எறங்காத வீக்கம் எதுடி?”

“பெரிய ஆளுக்கு மெதுவாத்தான் எறங்கும்” என்றார் இன்னொருவர்.

அத்தை என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். “புளி சீசன் முடியட்டும் பாப்பா. அதுக்குள்ள எறங்கலன்னா வர்றேன்” என்றார். கெஞ்சினேன். சண்டை போட்டேன். அவர் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “ஊர்ல இருக்கிற அத்தினி பசங்களுக்கும் எறக்கின பொன்னு, போட்டவளுக்கு எறக்காதா?” என்று கேட்டார்.

அந்த விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும், இறந்த உடலின் கன்னத்தை அறுத்துக் காட்டும் பாடம். கன்னச் சுரப்பியை விலக்கி, அதற்குள் வெள்ளை நூல் மாதிரி ஓடும் நரம்பை ஆசிரியர் இடுக்கியால் தூக்கிக் காட்டினார். முகத்தை அசைக்கிற நரம்பு அது. காதுக்குப் பின்னாலிருந்து வந்து சுரப்பிக்குள் நுழைகிறது. உள்ளே ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண் இமைக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று உதட்டுக்கு, ஒன்று கழுத்துக்கு. அந்தச் சுரப்பிக்கு அது ஒன்றும் செய்வதில்லை. எங்கள் காட்டுக்குள் போகிற பஸ் ரோடு மாதிரி நடுவில் புகுந்து போகிறது, அவ்வளவுதான். ஆனால் காடு பற்றிக்கொண்டால் ரோடு தப்புமா?

புளி சீசன் முடிவதற்குள் அத்தைக்கு இடது கண் மூடாமல் போனது. தண்ணீர் குடித்தால் இடது பக்க உதட்டு வழியாக ஒழுகியது. அதற்குப் பிறகுதான் கீழே வந்தார். சங்கிலியோடுதான் வந்தார்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகச் சொன்னார். “கட்டி நரம்பச் சுத்திப் பிடிச்சிருக்கும்மா. நரம்ப விட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்க முடியாது. எடுத்தா அந்தப் பக்கம் முகம் திரும்பி வராது. எடுக்கலன்னா உயிருக்கு ஆபத்து.”

அத்தை கழுத்துச் சங்கிலியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “மூஞ்சி போயிட்டா பசங்க எப்படிம்மா சாப்புடும்?”

மருத்துவருக்குப் புரியவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். நான் விளக்க வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் எச்சில் நின்றுபோகும் என்பதை முந்தின வாரம்தான் பரீட்சையில் எழுதியிருந்தேன்.

கட்டியை எடுத்தார்கள். நரம்பும் போனது. அதன்பின் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், வாரக்கணக்கில் தங்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் அத்தை பிடிவாதம் பிடித்தார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, வேறு யார் சமைப்பார்கள் என்றார். நானும் அவர் கணவரும் கையைப் பிடித்து இழுக்காத குறை. “சோறு போட்டுக்கினே சாவறேன், வுடுங்க” என்றார்.

பள்ளி திறந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். “வா, வந்து பாரு” என்று அவர்தான் கூப்பிட்டார். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு அவரை முதல் முறையாகப் பார்க்கிற பிள்ளைகள். அத்தை வரிசைக்கு எதிரில் நின்றார். இடுப்பிலிருந்து புளியை எடுத்தார். உப்பை அழுத்தினார், உயர்த்திக் காட்டினார், கடித்தார்.

வலது கண் இறுக மூடியது. வலது கன்னத்தில் குழி விழுந்தது. இடது பக்கம் சுவர் மாதிரி நின்றது. அந்தக் கண் திறந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு வலது காதை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. தொங்கிய இடது ஓரத்தில் எச்சில் திரண்டு முகவாயில் வழிந்தது. அவர் வாய் மட்டும்தான் ஊறியது. வரிசையில் யாருக்கும் ஊறவில்லை.

ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழுதாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நாக்கைக் காட்டு என்று யாரிடமும் கேட்காமல், குனிந்து சோறு போடத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் இடுப்பில் புளி முடிந்து நான் பார்த்ததில்லை.

அதோடு நின்றிருந்தால்கூட ஓரமாக இருந்து சமைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பார். மழைக்காலம் முடிகிறபோது புதிதாக ஒன்று தொடங்கியது. சாப்பிட உட்கார்ந்தால், ஏன், சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தால்கூட, அந்தச் செத்த கன்னத்தில் முத்து முத்தாக வியர்த்தது. நெற்றி காய்ந்திருக்கும். மறு கன்னம் காய்ந்திருக்கும். தழும்பைச் சுற்றி மட்டும் வியர்வை சொட்டும். சாமி குத்தம் என்றார்கள். கன்னம் அழுகிறது என்றார்கள்.

அத்தை எனக்கு போன் செய்தார். புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. சுரப்பிக்குப் போய்க்கொண்டிருந்த, எச்சில் ஊறச் சொல்கிற மெல்லிய நரம்புகள் அறுபட்டபின் மறுபடி வளர்கின்றன. போக வேண்டிய சுரப்பி அங்கே இல்லை. வழி தெரியாமல் தோலுக்கு வந்து வியர்வைச் சுரப்பிகளில் சேர்ந்துவிடுகின்றன. வாய் ஊற வேண்டிய நேரத்தில் கன்னம் வியர்க்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இதை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் அவருடைய அரைச் சிரிப்பு கேட்டது. “அப்ப என் கன்னத்துக்கும் பசிக்குதுன்னு சொல்லு.”

அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வேடிக்கைப் பேச்சுகளில் அது ஒன்று.

ஒருநாள் குண்டாவில் சோற்றைக் கிளறும்போது ஒரு சொட்டு விழுந்ததை ஒரு பிள்ளை பார்த்துவிட்டது. வீட்டில் போய்ச் சொன்னது. மறுநாள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். விடுமுறையில் வந்திருந்த நானும் போனேன்.

“எங்க பசங்களுக்கு எச்சி சோறு துன்னணும்னு இன்னா தலையெழுத்து?”

“எச்சில் இல்லக்கா அது, வேர்வை.”

“வேர்வைன்னா மட்டும் மணக்குதா?”

“சமைக்கிற யாருக்கும் வேர்க்கும். நரம்பு மாறிப் போயிருக்குது, அதனால...”

“வாயிலேர்ந்தும் ஒழுகுதே, அதுவும் வேர்வையா?”

விளக்கினேன். எச்சில் விஷமில்லை, ரத்தத்திலிருந்து பிரிந்து வருகிற தண்ணீர்தான், அவருக்கு இருக்கிற நோய் ஒட்டாது என்று சொன்னேன். நான் ஒவ்வொன்றாக விளக்க விளக்க அவர்கள் முகத்தில் அருவருப்புத்தான் கூடியது. எச்சில் என்ற சொல்லை நான் சொல்லும்போதெல்லாம் ஒரு பெண் தரையில் துப்பினார். அங்கே நின்ற ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்திலும் அத்தையின் சங்கிலி கிடந்திருக்கிறது. அதையும் சொன்னேன். “அதுக்கும் இதுக்கும் இன்னா?” என்றார்கள். படித்த படிப்பெல்லாம் என் வாயிலிருந்து வந்து அந்த வாசல் மண்ணில் விழுந்து காய்ந்தது.

அத்தை உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. “சாம்பாருக்கு இன்னும் உப்பு போடல” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பிறகு அவர் யார் எதிரிலும் சாப்பிடவில்லை. கணவர் எதிரில்கூட இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய், சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டு தின்றுவிட்டு வருவார். ஒருமுறை நானும் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சோற்றை மாட்டுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் நான் போகவில்லை.

அடுத்த வருடம் கழுத்தில் கட்டி கட்டியாக வந்தது. இப்போது கதிர்வீச்சுக்கு ஒப்புக்கொண்டார். வீட்டில் சும்மா இருக்கிறவருக்கு மறுக்கக் காரணம் இல்லையே. அது கட்டியைக் கொஞ்ச நாள் சுருக்கியது. மிச்சமிருந்த சுரப்பிகளையும் கருக்கிவிட்டது.

முகவாயில் ஒழுகிக்கொண்டிருந்த எச்சில் நின்றது. எதற்காக அவரை விரட்டினார்களோ அது அவர் வாயில் ஒரு துளி இல்லை. அப்போது போய்ச் சமைத்திருந்தால் யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. நாக்கு வறண்டு வெடித்திருந்தது. பேசும்போது உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளும். சாமைச் சோற்றைக் கஞ்சியாகக் கரைத்தாலும் தொண்டையில் நின்றது. தண்ணீரை ஊற்றித் தள்ள வேண்டும். உப்பு, புளி, காரம் எதுவும் தெரியவில்லை. எச்சிலில் கரையாத பொருள் நாக்குக்குச் சேதி சொல்லாது.

பிறகு பற்கள். அவருக்கு வரிசையான, உறுதியான பற்கள் இருந்தன. பல் டாக்டராகப் போகிறவள் என்று என்னைக் கூப்பிட்டு ஈறு தெரியச் சிரித்துக் காட்டியவர். எச்சில் நின்ற சில மாதங்களில் ஈறோரத்தில் கறுத்து, ஒவ்வொன்றாக மண்பானை ஓடு மாதிரி உடைந்து விழுந்தன. கல்லூரியில் சொல்லித் தந்த எல்லாவற்றையும் செய்தேன். பூசினேன், கழுவினேன். நான் கற்ற தொழில் என் கண்ணெதிரே அவர் வாயில் தோற்றது.

உமிழ்நீருக்குப் பதிலாக அடித்துக்கொள்ளும் மருந்து ஒரு புட்டியில் வருகிறது. வாங்கிக்கொண்டு போனேன். வாயில் இரண்டு முறை அடித்துவிட்டேன். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா இது என்னுது இல்ல.”

பிறகு மெதுவாக, “பசங்க மிச்சம் வைக்காம துன்னுதுங்களா?” என்று கேட்டார். தின்கிறார்கள் என்றேன். புதிதாகச் சமைக்க வந்தவர் மிச்சத்தை நாய்க்குக் கொட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஐப்பசி மழையில் அத்தை இறந்தார். கடைசி நாட்களில் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஊரே வந்து அழுதது. உண்மையாகத்தான் அழுதார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரியம் முடிந்த சில நாட்களில் ஒரு வீட்டிலிருந்து அவர் கணவரிடம் ஆள் வந்தது. பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, பொன் வேண்டும் என்று. அவர் எடுத்துக் கொடுத்தார். அந்த வாரமே வீக்கம் வடிந்துவிட்டது. “பாத்தியா, செத்தும் எறக்குறா மகராசி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சொல்லி ஆகப் போவது ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் பல நாட்களில் அப்படித்தான் தோன்றுகிறது.

இது கல்லூரியில் எனக்குப் பயிற்சி வருடம். இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தேன். நேற்று சந்தையில் கடுக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். வேற்றூர்க்காரர், முப்பது வயதுதான் இருக்கும். முந்தானை சரிந்தபோது வலது காதுக்கு முன்னால் ஒரு மேடு தெரிந்தது. கடுக்காயை விட்டுவிட்டு அதைப் பார்த்தேன்.

“இது எப்போத்திலேர்ந்து அக்கா?”

“அது கெடக்குது, வலிக்கல. ஒனக்குக் கடுக்கா வேணுமா, வேணாமா?”

“நான் பல் டாக்டர்.”

“பல்லு நல்லாத்தான் கீது, போம்மா.”

நான் போகவில்லை. சாக்குக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். “அக்கா, ஒரே ஒரு தடவ கண்ண இறுக்கி மூடுங்க. மூக்கச் சுருக்குங்க. ஒதட்டக் குவிங்க.”

“இன்னாடி இது, சந்தையில வந்து கொரங்காட்டம் ஆடச் சொல்றா!” என்று அவர் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே செய்தார். இரண்டு கண்ணும் ஒன்றுபோல மூடின. உதடு நேராகக் குவிந்தது. கன்னம் இரண்டு பக்கமும் சுருங்கியது. சாதாரணக் கட்டியாகவே இருக்கலாம். இல்லாமலும் போகலாம். முக நரம்பு போகிற ரோடு இன்னும் அடைபடவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாலை வரை அவரோடு உட்கார்ந்து கடுக்காய் விற்றேன். பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மாமியாரிடம் திட்டு வாங்கினேன். அறுவடை முடியட்டும் என்றார்கள். முடியாது என்றேன். எந்த வார்த்தைக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. நான் அந்த வீட்டைவிட்டு எழுந்திருக்காததுதான் காரணமாக இருக்கும். விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

இதை எழுதும்போது பஸ் ஆலங்காயத்தில் நிற்கிறது. ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்திருக்கிறார். திருப்பத்தூருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு, “தலைய சுத்துது, நான் எறங்கி வூட்டுக்கே போயிடட்டுமா?” என்று கேட்டார். அவர் துணிப்பையை என் பையோடு சேர்த்து மடியில் வைத்து, எழுதாத கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் புறப்பட்டுவிட்டது.